ஒரே மூச்சில் முந்நூறு வருஷம்

சென்னை எழும்பூரிலுள்ள பொருட்காட்சி சாலைக்கு நம் ஜனங்கள் வெகு காலத்துக்கு முன்பே ஒரு பெயர் சூட்டினார்கள். 'செத்த காலேஜ்' என்பது அந்தப் பெயர். உயிருள்ள மிருகங்களைக் கூண்டில் அடைத்து வைத்திருந்த இடம் 'உயிர் காலேஜ்' என்றால், பாடம் செய்த புலியும் மூக்குடைந்த சிலையும் இருக்கும் இடம் 'செத்த காலேஜ்'தானே? பெயரில் பரிகாசமும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய கையில் இருந்ததுதான். அந்தக் கை ஓய்ந்த பிறகே அது பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

ஆனால், அத்தகைய ஒரு காலேஜில் ஒரு நாள் பழைய மனிதர்கள் எல்லோரும் உயிர் பெற்று எழுந்து நடமாடத் தொடங்கினால் எப்படி இருக்கும்? ஓர் அறையில் சக்கரவர்த்தி கோபித்துக் கொள்கிறார். அடுத்த அறையில் மகாராணி நாடக ஒத்திகை பார்க்கிறாள். அதற்கடுத்த அறையில் இந்தக் காலத்து ஜனங்கள் கோட்டும் தொப்பியுமாகச் சித்திரங்களைப் பார்த்துக் கொண்டு நிற்கிறார்கள். ஒருவரைப் பற்றி ஒருவர் கவலைப்படுவதில்லை. அலெக்ஸாந்தர் ஸோகுரோவ் என்ற ருஷ்ய டைரக்டர் 2002-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'ருஷ்யப் பேழை' என்னும் படம் இந்த விந்தையைத்தான் நமக்குக் காட்டுகிறது.

பேழை என்றவுடன் நகைப் பெட்டியை நினைத்து விடக் கூடாது. உலகம் வெள்ளத்தில் மூழ்கிய காலத்தில், நோவா என்பவர் ஜீவராசிகளை ஏற்றிக் காப்பாற்றியதாக விவிலியம் கூறுகிறதே, அந்த மரக்கலந்தான் பேழை. நமக்கும் இது புதிய கதையல்ல. பிரளய காலத்தில் மீனுருக் கொண்ட பகவான் இழுத்துச் செல்ல, விதைகளையும் ரிஷிகளையும் சுமந்து மிதந்த ஓடத்தைப் பாட்டிமார் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். ஸோகுரோவின் ஓடம் கல்லாலும் பொன் பூச்சாலும் ஆனது. ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில், நேவா நதிக் கரையில் நிற்கும் குளிர்கால அரண்மனையும் அதை அடுத்த ஹெர்மிடேஜ் பொருட்காட்சி சாலையுமே அந்த ஓடம்.

இந்த அரண்மனையின் வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்து கொண்டால் படத்தை ரஸிப்பது எளிதாகும். எலிஸபெத் சக்கரவர்த்தினியின் கட்டளைப்படி ராஸ்ட்ரெல்லி என்ற சிற்பி 1754-ஆம் வருஷத்தில் இதைக் கட்டத் தொடங்கினார். 1762-ல் வேலை முடிந்தது. பின்னர் பட்டத்துக்கு வந்த காதரின் மகாராணி, 1764-ல் பெர்லின் வர்த்தகர் ஒருவரிடமிருந்து நூற்றுக் கணக்கான சித்திரங்களை மொத்தமாக வாங்கினாள். அதுவே ஹெர்மிடேஜின் பிள்ளையார் சுழி. ஹெர்மிடேஜ் என்னும் சொல்லுக்குத் துறவியின் குடில் என்று பொருள். சித்திரங்களுடன் தனித்திருப்பதற்காக அவள் அரண்மனைக்குப் பக்கத்தில் அமைத்துக் கொண்ட மாளிகைக்கு அந்தப் பெயர் வந்தது. துறவியின் குடில் இவ்வளவு ஆடம்பரமாக இருந்தால் யார்தான் துறவு கொள்ள மாட்டார்கள்! 1852-ல் அதன் ஒரு பகுதி பொது ஜனங்களுக்குத் திறந்து விடப்பட்டது. 1917-ல் நடந்த புரட்சிக்குப் பிறகு அரண்மனையும் பொருட்காட்சி சாலையைச் சேர்ந்ததாயிற்று. இன்று அங்கே 30 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன.

* * *

படத்தின் கதை என்று சொல்லப் போனால் அதிகமாக ஒன்றும் இல்லை. முகம் தெரியாத ஒருவர் கண் விழிக்கிறார். தாம் எங்கே இருக்கிறோம், தமக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. பனி பெய்யும் மாலையில் பழங்காலத்து உடை அணிந்த ஆடவரும் பெண்டிரும் சிரித்துக் கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறார்கள், அவரும் பின்தொடர்கிறார். படம் முடியும் வரையில் அவருடைய முகத்தை நாம் காண்பதில்லை. காமிராவே அவருடைய கண். குரல் மட்டும் கேட்கிறது. அது டைரக்டர் ஸோகுரோவின் சொந்தக் குரல்.

உள்ளே அவருக்கு ஒரு துணை கிடைக்கிறது. கறுப்பு உடையும் கலைந்த தலையுமாக, எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிக்கும் ஓர் ஐரோப்பியப் பிரபு. இவர் கற்பனை மனிதர் அல்ல. அஸ்தோல்ஃப் த கூஸ்தின் என்னும் பிரெஞ்சுப் பிரபுவை வைத்தே இந்தப் பாத்திரத்தை அமைத்திருக்கிறார்கள். கூஸ்தினுடைய தகப்பனாரும் பாட்டனாரும் பிரெஞ்சுப் புரட்சியில் சிரச்சேதம் செய்யப்பட்டவர்கள். ஆகவே, முடியாட்சியின் மேன்மையைக் கண்ணால் காணலாம் என்று எண்ணி 1839-ல் அவர் ருஷ்யாவுக்குப் போனார். கண்டதோ வேறு. திரும்பி வந்து 1843-ல் அவர் வெளியிட்ட பிரயாண நூலை ருஷ்ய அரசாங்கம் தன் நாட்டுக்குள் வரக் கூடாதென்று தடுத்து விட்டது.

இந்த இருவரும் அறை அறையாக நடக்கிறார்கள். அரண்மனையில் எந்தக் கதவைத் திறந்தாலும் எந்தக் காலம் எதிர்ப்படும் என்று சொல்ல முடியாது. மகா பீட்டர் தம் தளபதி ஒருவரை அடித்து நொறுக்குகிறார். காதரின் மகாராணி அரண்மனை நாடக அரங்கில் ஒத்திகை பார்த்துக் கொண்டிருக்கிறவள், திடீரென்று எழுந்து அவசரமாக ஓடுகிறாள். சக்கரவர்த்தினியாக இருந்தாலும் உடம்பின் அவசரம் எல்லோருக்கும் ஒன்றுதான்! பிறகு அதே காதரின், வயது முதிர்ந்து, பனி மூடிய தோட்டத்தில் ஒரு பணியாளின் துணையோடு நடந்து போகிறாள். கண் தெரியாத ஒரு ஸ்திரீ விரல்களால் ஒரு சிலையைத் தடவிப் பார்க்கிறாள். கண்ணுள்ளவர்கள் விரைந்து கடந்து போகும் இடத்தில் அவள் ஒருத்தியே நின்று நிதானமாகப் 'பார்க்கிறாள்'. கடைசி ஜாரான இரண்டாம் நிக்கலாஸ் தம் குடும்பத்துடன் சிற்றுண்டிக்கு உட்கார்ந்திருக்கிறார். சிறுமி அனஸ்தாஸியா தோழிகளுடன் நடைகூடத்தில் ஓடி வருகிறாள். அந்தக் குடும்பம் முழுவதும் 1918 ஜூலையில் எகாதெரின்பர்க் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிறுமியின் ஓட்டம் நெஞ்சைப் பிசையாமல் இராது.

* * *

இந்தப் படத்தைப் பற்றி உலகத்தார் வியந்து பேசுவது கதையை அல்ல. அதை எடுத்த விதத்தை. சாதாரணமாக ஒரு படம் என்றால் நூற்றுக் கணக்கான சிறு துண்டுகளைத் தனித் தனியே எடுத்து, வெட்டி, ஒட்டிச் சேர்ப்பார்கள். 'ருஷ்யப் பேழை'யில் ஒட்டு என்பதே கிடையாது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் காமிரா ஒரு முறைகூட நிற்காமல், 30க்கு மேற்பட்ட அறைகளின் வழியே, ஒரு கிலோ மீட்டருக்கு மேல் நடந்து செல்கிறது. படம் முழுவதும் ஒரே மூச்சு.

முன் காலத்தில் இதை எண்ணிப் பார்க்கவும் இயலாது. காமிராவில் ஏற்றும் பிலிம் சுருள் பத்துப் பதினொரு நிமிஷத்துக்குள் தீர்ந்து விடும். ஆல்பிரட் ஹிட்ச்காக் 1948-ல் 'ரோப்' என்ற படத்தை இம்மாதிரி தொடர்ச்சியாக எடுக்க முயன்றபோது, சுருள் தீரும் இடத்தில் ஒரு நடிகரின் கோட்டு முதுகை மறைப்பாக வைத்து ஒட்டை மறைக்க வேண்டியிருந்தது. பிலிமே இல்லாமல் காட்சியை எண்களாக மாற்றிச் சேமிக்கும் டிஜிடல் முறை வந்த பிறகே ஸோகுரோவின் கனவு பலிக்க வழி பிறந்தது. டில்மான் பூட்னர் என்ற ஜெர்மானியக் காமிராக்காரர், நடக்கும்போது படம் குலுங்காதபடி காக்கும் ஸ்டெடிகாம் என்ற கருவியில் காமிராவைப் பூட்டி, அதன் பாரம் முழுவதையும் உடம்பில் கட்டிக் கொண்டு நடந்தார்.

2001-ஆம் வருஷம் டிஸம்பர் 23-ஆம் தேதி. வடகோடியிலுள்ள அந்நகரத்தில் அந்தக் காலத்தில் பகல் வெளிச்சம் சுமார் ஆறு மணி நேரந்தான். பொருட்காட்சி சாலையை மூடி வைத்துக் கொண்டார்கள். வேஷம் தரித்த 2,000க்கு மேற்பட்ட மக்களும், மூன்று வாத்திய கோஷ்டிகளும் அவரவர் அறையில் தயாராகக் காத்திருந்தனர். முதல் முயற்சி தொடங்கிய சிறிது நேரத்தில் தடைப்பட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. வெளிச்சமோ போய்க் கொண்டிருக்கிறது. நான்காவது முயற்சியில் காமிரா கடைசி வாயில் வரையில் போய்ச் சேர்ந்தது. அதுதான் இன்று நாம் பார்க்கும் படம்.

இதையெல்லாம் கேட்ட என் சிநேகிதர் ஒருவர், "சரிதான், இது கழைக்கூத்து! கயிற்றின் மேல் ஒருவன் விழாமல் நடந்தான் என்பதற்காகக் கை தட்டலாம். ஆனால் அதைக் கலை என்று சொல்லலாமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். வெட்டாமல் எடுப்பதனால் மட்டும் ஒரு படம் சிறந்து விடாது. வெட்டாமல் எடுத்ததற்குக் காரணம் இருக்க வேண்டும். இங்கே காரணம் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். அதை விளக்க இதே அரண்மனையில் எடுத்த மற்றொரு படத்தை நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும்.

ருஷ்யப் புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவுக்காக, ஸெர்கி ஐஸன்ஸ்டைன் 1927-ல் 'அக்டோபர்' என்ற படத்தை எடுத்தார்; 1928-ல் அது வெளியாயிற்று. ஐஸன்ஸ்டைன் வெட்டுவதில் மன்னர். அரண்மனை மாடிப் படியில் பிரதம மந்திரி கெரென்ஸ்கி ஏறுகிறார், வெட்டு, மறுபடியும் ஏறுகிறார், வெட்டு, மறுபடியும் ஏறுகிறார். பதவி ஆசை படிப்படியாக ஏறுவதைப் பரிகாசம் செய்யும் வழி அது. பிறகு கூட்டம் பாய்கிறது; பீங்கான் பாத்திரங்கள் உடைகின்றன; பழைய உலகம் துண்டு துண்டாகிறது. வெட்டு என்பது அவருக்கு வெறும் தொழில் முறை அல்ல, அதுவே கொள்கை. பழையதை வெட்டி எறிந்து விட்டுப் புதியதைத் தொடங்கலாம் என்ற நம்பிக்கை அந்தக் கத்திரிக்கோலில் இருந்தது.

எழுபத்தைந்து வருஷங்கள் கழித்து அதே அரண்மனைக்குள் வந்த ஸோகுரோவ் கத்திரிக்கோலைக் கீழே வைத்து விட்டார். சரித்திரத்தை எங்கே வெட்டினாலும் இரத்தம் வருகிறது என்பதை அந்த எழுபத்தைந்து வருஷங்கள் ருஷ்யாவுக்குக் கற்றுக் கொடுத்திருந்தன. பீட்டரின் அடியும், காதரினுடைய ரஸனையும், நிக்கலாஸின் பேதைமையும் எல்லாம் எங்களுடையவையே. நல்லதை வைத்துக் கொண்டு கெட்டதை வெட்டி எறிய எங்களால் முடியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நடந்து கடக்க வேண்டும் என்கிறது இந்தப் படம். ஆகவே இது கழைக்கூத்து அல்ல. கத்திரிக்கு ஒரு மறுப்பு.

* * *

படத்தில் ஒரு காட்சி நம் தேசத்தாருக்குத் தனிப்பட்ட சிரத்தை அளிக்கக் கூடியது. பெரிய சபா மண்டபத்தில் முதலாம் நிக்கலாஸ் சக்கரவர்த்தி அமர்ந்திருக்கிறார். பாரசீக இளவரசர் ஒருவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார். 1829-ல், டெஹ்ரான் நகரத்தில் ருஷ்யத் தூதராக இருந்த கிரிபோயேதோவ் என்ற ஆசிரியரை ஒரு கூட்டம் கொன்று விட்டது. அதற்காகப் பாரசீக ஷா தம் பேரன் குஸ்ரௌ மிர்ஸாவைக் காணிக்கைகளுடன் அனுப்பினார். வரிசை வரிசையாகச் சிப்பாய்கள், நீண்ட மௌனம், சம்பிரதாய வார்த்தைகள். காட்சி கம்பீரமாக இருக்கிறது.

அந்தக் காணிக்கைகளில் 'ஷா' என்று பெயர் பெற்ற ஒரு வைரம் இருந்தது. சுமார் 88 காரட் எடையுள்ள, நீண்ட, மங்கிய மஞ்சள் நிறக் கல் அது. அதன் மேல் மூன்று அரசர்களின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. முதல் பெயர் தக்காணத்து அகமத்நகர் சுல்தான் புர்ஹான் நிஜாம் ஷாவினுடையது. இரண்டாவது பெயர் தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகானுடையது. மூன்றாவது பெயர் பாரசீகத்து பத்தே அலி ஷாவினுடையது. தக்காணத்திலிருந்து டில்லிக்கும், நாதிர் ஷா 1739-ல் டில்லியைச் சூறையாடிய பிறகு பாரசீகத்துக்கும், 1829-ல் ஒரு கொலைக்குப் பிராயச்சித்தமாக ருஷ்யாவுக்கும் அது போயிற்று. இப்பொழுது மாஸ்கோவில் கிரெம்ளின் பொக்கிஷத்தில் இருக்கிறது.

இதோடு முடியவில்லை. டில்லியில் அகப்பட்ட கொள்ளையில் ஒரு பங்கை நாதிர் ஷா 1741-ல் யானைகளோடும் தூதர்களோடும் ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பரிசாக அனுப்பினான். மொகலாயர் காலத்து நவரத்தினப் பாத்திரங்களும் ஆபரணங்களும் ஹெர்மிடேஜில் இன்றும் இருக்கின்றன. ஆகவே 'ருஷ்யப் பேழை' என்று அவர்கள் பெயரிட்டாலும், அந்த ஓடத்தில் நம் வீட்டுப் பாத்திரமும் இருக்கிறது.

ஓடத்தில் ஏற்றியதெல்லாம் ஓடக்காரனின் சொந்தப் பொருளாக இருப்பதில்லை. பெரிய தேசங்களின் பொருட்காட்சி சாலைகளைப் பார்க்கும்போது இந்த ஞாபகம் நமக்கு இருப்பது நல்லது. விற்பவனிடம் வாங்கியது சில. தோற்றவனிடம் பெற்றது சில. கொள்ளைக்காரனிடமிருந்து பரிசாக வந்தது சில. ருஷ்யர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களே பொருளை இழந்ததும் உண்டு. 1930, 1931-ஆம் வருஷங்களில் ஸோவியத் சர்க்கார் அன்னிய நாணயத்துக்காக ஹெர்மிடேஜிலிருந்து 21 சித்திரங்களை ஆண்ட்ரு மெல்லன் என்ற அமெரிக்கச் செல்வருக்கு 66 லட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைக்கு இரகசியமாக விற்றது. ராபேலின் கன்னி மேரி சித்திரம் ஒன்றும் அதில் போயிற்று. வாஷிங்டன் நகரத்தில் 1941-ல் திறக்கப்பட்ட தேசீயச் சித்திர சாலையில் அவற்றைக் காணலாம்.

* * *

1941 என்று சொன்னதும், படத்தில் என் மனத்தை விட்டு அகலாத அறைக்கு வந்து விட்டோம்.

நடந்து கொண்டே வரும் கூஸ்தின் பிரபு ஒரு கதவின் மேல் கை வைக்கிறார். அங்கே போக வேண்டாம் என்று குரல் தடுக்கிறது. அவர் கேட்கவில்லை, கதவைத் திறந்து விடுகிறார். உள்ளே விளக்கில்லை, பொன்னில்லை. குளிர், பனி, இருட்டு. வெறும் சித்திரச் சட்டங்கள் மட்டும் கிடக்கின்றன, சித்திரங்களைக் காணோம். ஒரு மனிதர் தமக்குத் தாமே சவப்பெட்டி செய்து கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று நிமிஷங்கள்தான். கதவு மூடப்படுகிறது, பழையபடி மெழுகுவர்த்தி வெளிச்சமும் பட்டாடைகளும் வந்து விடுகின்றன. ஆனால் அந்தக் குளிர் நம்மோடு வந்து விடுகிறது.

அந்த அறையின் பின்னால் உள்ள உண்மை இது. 1941 ஜூன் 22-ஆம் தேதி ஹிட்லரின் படைகள் ருஷ்யாவுக்குள் புகுந்தன. லெனின்கிராட் என்று அப்போது பெயர் பெற்றிருந்த அந்நகரத்தில், ஹெர்மிடேஜின் சிப்பந்திகள் இரவு பகலாகப் பெட்டி கட்டினார்கள். ஜூலை மாதத்தில் இரண்டு ரெயில் வண்டிகள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களை ஏற்றிக் கொண்டு யூரல் மலைப் பிரதேசத்திலுள்ள ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்துக்குப் போயின. ஜார் குடும்பத்தைச் சுட்டுக் கொன்ற எகாதெரின்பர்க்குக்குத்தான் அப்போது அந்தப் பெயர். அரசர்களைக் கொன்ற ஊரே அரசர்களின் செல்வத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. சரித்திரத்தின் விளையாட்டு இப்படியும் இருக்கிறது.

மூன்றாவது வண்டி புறப்படுவதற்குள் நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1941 ஸெப்டம்பர் 8-லிருந்து 1944 ஜனவரி 27 வரையில், 872 நாட்கள். அந்த முதல் குளிர் காலத்தில் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்த ரேஷன் ரொட்டி நாள் ஒன்றுக்கு 125 கிராம். அதுவும் முழு மாவால் ஆனதல்ல. ஹெர்மிடேஜின் நிலவறைகளில் சுமார் 2,000 பேர் குடியிருந்தார்கள். மரவேலைக்கு வைத்திருந்த வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிக் குடித்து உயிர் பிழைத்தவர்கள் உண்டு. பிழைக்காதவர்கள் மிகப் பலர். முற்றுகையில் நகரத்தில் மாண்டவர்களைப் பல லட்சம் என்று சரித்திராசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

சித்திரங்களை எடுத்துக் கொண்டு போனவர்கள் சட்டங்களை அப்படியே சுவரில் விட்டுப் போனார்கள். ஒவ்வொன்றும் திரும்பி வந்து தன் இடத்தில் சேரும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஒரு நாள், அரண்மனையில் வேலைக்கு உதவி செய்த சிப்பாய்களுக்கு நன்றி காட்ட வேண்டும் என்று பாவெல் குப்சேவ்ஸ்கி என்ற வழிகாட்டிக்குத் தோன்றிற்று. கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே சிப்பாய்களை அழைத்துக் கொண்டு காலியான சட்டங்களின் முன்னால் நின்றார். இங்கே ரெம்பிராண்டின் சித்திரம் இருந்தது, இந்த மூலையில் வெளிச்சம் இப்படி விழுந்தது, அந்தக் கிழவரின் கை இப்படி இருந்தது என்று வருணித்துக் கொண்டே அறை அறையாக நடந்தார். சிப்பாய்கள் வெறுஞ் சுவரைப் பார்த்துக் கொண்டே கேட்டார்கள்.

மற்றொன்று. 1941 டிஸம்பர் 10-ஆம் தேதி, பட்டினி உச்ச நிலையில் இருந்த நாள். மத்திய ஆசியாவின் மகாகவி அலிஷேர் நவாயி பிறந்து 500 வருஷம் ஆயிற்று என்று ஹெர்மிடேஜில் விழாக் கொண்டாடினார்கள்! பொருட்காட்சி சாலையின் தலைவர் ஓர்பெலி அந்தப் பிடிவாதக்காரர். வெளியே குண்டு விழுகிறது. உள்ளே கவிதை படிக்கிறார்கள். நவாயியின் கவிதைகளை ருஷ்ய மொழியில் பெயர்த்த அறிஞர் ஒருவர், நிற்கவும் வலுவில்லாத நிலையில் தம் மொழிபெயர்ப்பைப் படித்தார். சில நாட்களில் பசியால் இறந்து போனார்.

யுத்தம் முடிந்து, 1945-ஆம் வருஷம் தீருவதற்குள் சித்திரங்கள் திரும்பி வந்து தத்தம் சட்டங்களில் ஏறின. படத்தின் ஓர் இடத்தில், காலஞ்சென்ற ஓர்பெலியும், பின்னாளில் தலைவராக இருந்து காலமான போரிஸ் பியோட்ரோவ்ஸ்கியும், அவருடைய குமாரரும் 1992-ல் தலைவரானவருமான மிகயீல் பியோட்ரோவ்ஸ்கியும் ஓர் அறையில் கூடிப் பேசுகிறார்கள். மிகயீல் தம் வேஷத்தைத் தாமே நடித்திருக்கிறார். இறந்த இருவர் உயிரோடிருப்பவரிடம் வீட்டுப் பொறுப்பை விசாரிக்கிறார்கள். அதிக விளக்கம் இல்லாத சிறிய காட்சி. ஆனால் முன் சொன்னதெல்லாம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய காட்சி.

* * *

இவ்வளவு புகழ்ந்த பிறகு குறையையும் சொல்லாவிட்டால் தர்மமாகாது. ஒரே மூச்சில் எடுத்த படமானாலும் இதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. அது காமிராவில் இல்லை, கருத்தில் இருக்கிறது.

1905 ஜனவரியில், மனுச் செய்து கொள்வதற்காக இந்த அரண்மனையை நோக்கி நிராயுதபாணிகளாக வந்த தொழிலாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் சுட்டுத் தள்ளப்பட்டார்கள். 1917 அக்டோபரில், பழைய பஞ்சாங்கப்படி 25-ஆம் தேதி இரவு, இதே அரண்மனையின் சிறிய போஜன அறையில் தற்காலிக சர்க்காரின் மந்திரிகள் கைதானார்கள். இவ்விரண்டும் படத்தில் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1837 டிஸம்பரில் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. ஜாரின் கட்டளைப்படி அதை வெகு விரைவில், 1839-க்குள், புதுப்பித்தார்கள். சுவர் உலர்வதற்காக உள்ளே கடும் அனல் மூட்டி, வெளியே உறைபனியில் போவதும் உள்ளே அனலில் வருவதுமாக வேலை வாங்கியதில் எத்தனையோ தொழிலாளிகள் மாண்டார்கள் என்று எழுதியவர் யார் தெரியுமா? சாக்ஷாத் கூஸ்தின் பிரபுவேதான். அவருடைய புத்தகத்தில் இடம் பெற்ற அந்தத் தொழிலாளிகள், அவரையே வழித்துணையாகக் கொண்ட இந்தப் படத்தின் ஊர்வலத்தில் இடம் பெறவில்லை.

படத்தின் முடிவில் ஒரு மகா நடனம். 1913-ஆம் வருஷத்து நடனமாக அது அமைந்திருக்கிறது. வலேரி கெர்கியேவ் வாத்திய கோஷ்டியை நடத்த, கிளிங்காவின் மஸுர்கா இசைக்கு நூற்றுக் கணக்கான ஜோடிகள் சுழன்று ஆடுகின்றன. ஆட்டம் முடிந்ததும், பெரிய மாடிப் படிகளின் வழியாக எல்லோரும் மெள்ள மெள்ள இறங்கிப் போகிறார்கள். தாங்கள் எங்கே இறங்குகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். கூஸ்தின் பிரபு மட்டும் வர மறுத்து அங்கேயே தங்கி விடுகிறார். குரலுக்குரியவர் தனியே வாயிலை அடைகிறார். வெளியே வீதியும் இல்லை, நகரமும் இல்லை. பனி மூட்டமும் எல்லையற்ற நீர்ப் பரப்புமே தெரிகின்றன. அரண்மனை மிதந்து கொண்டிருக்கிறது.

மிக அழகான முடிவு. படியிறங்குகிறவர்களுக்காக ஸோகுரோவ் துக்கப்படுகிறார், நாமும் துக்கப்படுகிறோம். ஆனால் அந்தப் படிகளில் ஒரு நாளும் ஏற விடாமல் வெளியே பனியில் நிறுத்தப்பட்டவர்களின் நினைவும் எனக்கு வந்தது. ஒரு தேசத்தின் ஓடத்தில் ஆடியவர்களுக்கு மட்டும் இடமிருந்து, கட்டியவர்களுக்கு இடமில்லாமற் போனால், அது முழு ஓடமாகுமா? படத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் ஒரே விடை, அந்தக் குளிர் அறையில் சவப்பெட்டி செய்யும் மனிதர்தாம். அவர் இளவரசரல்ல, தளபதியல்ல, பெயர்கூட இல்லாதவர். அரசர்கள் சேர்த்த செல்வத்தை அரசர்கள் காப்பாற்றவில்லை. அரசர்கள் போன பிறகு, 125 கிராம் ரொட்டியைத் தின்று கொண்டு, அவரைப் போன்றவர்களே காப்பாற்றினார்கள்.

படம் பார்க்கப் போகும் அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை. வேகத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். கோயில் பிராகாரம் சுற்றும் நிதானம் வேண்டும். குழந்தைகள் உடன் இருந்தால் யார் எந்த ராஜா என்று முன்னதாகச் சொல்லி வையுங்கள். மூடிய கதவின் மேல் கூஸ்தின் பிரபு கை வைக்கும் இடம் வரும்போது மட்டும் சற்றுப் பேச்சை நிறுத்திப் பாருங்கள். காலியான சட்டத்தின் முன்னால் நின்று, அதில் இருந்த சித்திரத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்த வரையில், அந்த இடம் செத்த காலேஜ் ஆகவில்லை.